கணக்கில் 38, பழி கோ-கோவின் மேல்

கேள்வி:

ஐயா, நாங்கள் பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். தக்காளியும் ராகியும் போடுகிறோம். என் மகள் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள அரசு உயர்நிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. கோ-கோ நன்றாக ஆடுவாள். இந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் அவர்கள் அணி ஜெயித்து மாவட்டப் போட்டி வரை போனது. அரையாண்டுத் தேர்வில் தமிழ் 81, ஆங்கிலம் 52, கணக்கு 38, அறிவியல் 60, சமூக அறிவியல் 71. போன ஆண்டு எட்டாம் வகுப்பு அரையாண்டில் இதே வரிசையில் 79, 54, 64, 63, 68. அடுத்த ஆண்டு அவளை அணித்தலைவி ஆக்க வேண்டும் என்கிறார் உடற்கல்வி ஆசிரியை. "பத்தாம் வகுப்பு, ஆட்டத்தை மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்கள்" என்கிறார் வகுப்பாசிரியர். பத்து முடித்ததும் விடுதியுள்ள தனியார் பள்ளியில் சேர்க்கலாம், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஆகும், பாதியை நான் தருகிறேன் என்கிறார் என் அண்ணன். பத்து வரை படித்தது போதும் என்கிறார் மாமியார். நான் எட்டாவதோடு நின்றவள். யார் சொல்வதைக் கேட்பது? கணக்கு ஆசிரியர் ஆடி மாதமே மாறுதலில் போய்விட்டார், இன்னும் ஆள் வரவில்லை என்றும் பெண் சொல்கிறாள்.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, தருமபுரி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இடம் மாற்றவில்லை. கணக்கு ஆசிரியர் இல்லை என்பதைப் போகிற போக்கில் நினைவு வந்ததுபோலக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை அங்கேயே விட்டிருக்கிறேன். நான் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டு ஆண்டு மதிப்பெண்களையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். தமிழில் இரண்டு கூடியிருக்கிறது, சமூக அறிவியலில் மூன்று கூடியிருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் அறிவியலில் மூன்றும் குறைந்திருக்கின்றன. இதெல்லாம் ஏற்ற இறக்கம் என்ற கணக்கிலேயே வராது. கணக்கில் மட்டும் 26 மதிப்பெண் போயிருக்கிறது. கோ-கோ ஆடிய களைப்பு ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுப்பதானால், கணக்குப் புத்தகத்தை மட்டும் தேடிப்பிடித்தா கெடுக்கும்? களைத்து வந்தவள் சமூக அறிவியலில் எப்படி மூன்று மதிப்பெண் கூட வாங்கினாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை மதிப்பெண் போடுவதில் ஆசிரியர்கள் கை தாராளமாகவே இருக்கும். நானும் தாராளமாகப் போட்டவன்தான். ஒன்பதில் அந்தத் தாராளம் குறையும். ஆகவே போன ஆண்டின் 64-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் இறங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் அதுதான் காரணம் என்றால் ஐந்து பாடத்திலும் இறங்கியிருக்க வேண்டும்.

ஆடியிலிருந்து மார்கழி வரை கணக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் அரசு உயர்நிலைப்பள்ளிகளில் அறிவியல் ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள்தான் இருப்பார்கள். காலியான பாடவேளையில் தமிழாசிரியர் வந்து அமர்வார். பிள்ளைகளை அமைதியாக வைத்திருப்பார். எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் பார்த்து எழுதச் சொல்வார். நோட்டு நிறைந்துவிடும். வீட்டில் வாங்கிப் பார்த்தால், அடடா, எவ்வளவு எழுதியிருக்கிறாள் என்றுதான் தோன்றும். ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதத்தில் மீதித் தேற்றம், காரணிப்படுத்துதல் என்று வருபவை பார்த்து எழுதினால் ஏறாதவை. ஒருவர் கரும்பலகையில் தப்பாக ஒரு முறை, சரியாக ஒரு முறை போட்டுக் காட்ட வேண்டும். அப்படி யாரும் இல்லாமல் உங்கள் மகள் 38 வாங்கியிருக்கிறாள். தேர்ச்சி மதிப்பெண் 35. ஆளில்லாத வகுப்பில் தானாக நீந்திக் கரை தொட்டிருக்கிறாள் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்வேன். நீங்கள் அவளைத் திட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் முதலில் ஆட்டத்தைக் குற்றம் சொல்வார்கள், பிறகு கைப்பேசியை, பிறகு கூட்டாளிகளை. காலியாகக் கிடக்கும் நாற்காலி யார் கண்ணிலும் படாது. கண்ணில் பட்டாலும், அதைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று தயங்குவார்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிக்குக் குறையாமல் பெண்கள். தலைவரும் ஒரு பெற்றோர்தான். உங்கள் ஊரிலேயே யாராவது ஒருவர் அந்தக் குழுவில் இருப்பார், விசாரித்தால் தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு ஐந்தாறு அம்மாக்களாகச் சேர்ந்து போங்கள். கணக்கு ஆசிரியர் பணியிடம் இத்தனை மாதமாகக் காலி, ஒன்பதும் பத்தும் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுத வேண்டும். எழுதிய தீர்மானத்தை இணைத்துத் தலைமையாசிரியர் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும்போது அவர் கடிதத்துக்கு ஒரு கனம் வரும். நிரந்தர ஆசிரியர் வரும் வரை பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பக் கேட்கலாம். மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியரை அமர்த்திக்கொள்ள 2022-இல் அரசே வழி செய்தது. அது இப்போது உங்கள் பள்ளிக்குக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். தலைமையாசிரியர் உங்களைக் கண்டு எரிச்சலடைவார் என்று நினைக்க வேண்டாம். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது பெற்றோர் கூட்டமாக வந்து கேட்க மாட்டார்களா என்று ஏங்கியதுண்டு. நாங்கள் எழுதும் கடிதத்தைவிடப் பெற்றோரின் தீர்மானம் வேகமாக நகரும்.

அது நகரும் வரை வீட்டில் செய்ய ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் அமைப்பை ஒரு முறை தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. மொத்தம் 100. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். பதினாறு மதிப்பெண். இயற்கணிதம் வராத பிள்ளையும் வாங்கக்கூடிய பதினாறு இது.

உதாரணத்துக்கு, 3 செ.மீ. ஆரமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு வரைய வேண்டும். வட்டம் போட்டு, புள்ளியைக் குறித்து, மையத்தோடு சேர்த்துக் கோடு இழுத்து, அதன் நடுப்புள்ளியைக் கவராயத்தால் கண்டு, அதை மையமாக வைத்து இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடங்கள்தான் தொடுபுள்ளிகள். புள்ளியிலிருந்து தொடுபுள்ளி வரை அளந்தால் 7.4 செ.மீ. வர வேண்டும். பல பிள்ளைகளுக்கு 7.1, 7.7 என்று வரும். அறிவுக் குறையால் வருவதல்ல அது. முப்பது ரூபாய் ஜாமெட்ரி பாக்ஸில் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கும். பாதி வட்டம் போகும்போதே ஆரம் விரிந்துவிடும். பென்சில் முனை மொட்டையாக இருக்கும். இன்னொரு வேடிக்கை, உதவிப் படம் போடுவதை மறந்துவிடுவார்கள். கையால் வரைந்து அளவுகளைக் குறிக்கும் அந்தச் சின்னப் படத்துக்கும் மதிப்பெண் உண்டு. விடைத்தாள் திருத்தும் முகாமில் அது இல்லாத தாள்களைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். நல்ல கவராயம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாரத்துக்கு மூன்று படம் வரையச் சொல்லுங்கள். வரைந்ததை நீங்களே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்; அதற்கு எட்டாவது படித்திருந்தால் தாராளமாகப் போதும்.

விட்டுப்போன இயற்கணிதத்துக்கு ஊரில் கல்லூரிக்குப் போகும் பெண் யாராவது இருந்தால் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். மே மாத விடுமுறைக்குள் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமும் முக்கோணவியலும் முடிந்தாக வேண்டும். இரண்டு பாடமும் பத்தாம் வகுப்பில் அதே பெயரில் மறுபடி வந்து நிற்கும்.

இனி கோ-கோ.

வகுப்பாசிரியர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்துத்தான் பள்ளியை எடை போடுகிறார்கள். தேர்வு முடிவு வந்த வாரமே மாவட்டத் தலைநகரில் கூட்டம் போட்டு, விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார்கள். நானும் எழுந்து நின்றிருக்கிறேன். காது சுட்ட நாள் அது. மறுநாள் பள்ளிக்கு வந்து நான் செய்த முதல் காரியம், பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துச் சிறப்பு வகுப்பாக்கியதுதான். அந்த ஆண்டு தேர்ச்சி ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. மாலை நாலரை மணிச் சிறப்பு வகுப்பில் பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் திடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முடிவுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

நாள்காட்டியைப் பாருங்கள். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் நடக்கும். மாவட்டப் போட்டி ஐப்பசி, கார்த்திகைக்குள் முடிந்துவிடும். பொதுத்தேர்வு பங்குனியில். நடுவில் நான்கு மாதம் கிடக்கிறது. அரையாண்டுக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள் தொடங்கும்போது ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்று உங்கள் மகளே வகுப்பாசிரியரிடம் சொல்லட்டும். போட்டி நாட்களில் விட்டுப்போகும் பாடத்தை யாருடைய நோட்டைப் பார்த்து எழுதுவாள் என்பதையும் சொல்லட்டும். நீங்கள் போய்ச் சண்டை போடுவதைவிட, பதினான்கு வயதுப் பெண் தானே போய்த் தேதி குறித்துப் பேசினால் அந்த மனிதர் இறங்கி வருவார். ஆசிரியர்கள் பிடிவாதக்காரர்கள் போலத் தெரிவோம், பயம்தான் அதிகம்.

கோ-கோ என்ன ஆட்டம் என்று என்றாவது திடலோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? எட்டுப் பெண்கள் ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே என்று மாறி மாறிப் பார்த்தபடி வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவாள். ஓடிய திசையிலிருந்து திரும்ப முடியாது. நடுக்கோட்டைத் தாண்ட முடியாது. எதிரி கோட்டுக்கு அந்தப் பக்கம் நழுவினால், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" கொடுக்க வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். நான் சின்னப் பள்ளிகளில் பார்த்தவரை, அணியில் இருக்கும் பெண்கள் பள்ளிக்கு மட்டம் போடுவது குறைவு. வருகைப் பதிவேட்டில் இது தெளிவாகத் தெரியும். புளி உலுக்கும் காலத்தில் வகுப்பில் பாதிப் பேர் தோப்புக்குப் போய்விடுவார்கள். அணிப் பெண்கள் மட்டும் எப்படியோ வந்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உடற்கல்வி ஆசிரியை "விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும், மாநில அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கின்றன. அங்கே செல்லுபடியாவது மாநில, தேசிய அளவில் ஆடிய ஆட்டம். மாவட்டப் போட்டிச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அவள் ஆடுவது ஆசைக்காக. அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

கடிதத்தில் நீங்கள் கேட்காமல் கேட்ட ஒரு கேள்வியும் தெரிகிறது: இந்தப் பள்ளி நல்ல பள்ளிதானா? பள்ளி வாசலில் கட்டியிருக்கும் நெகிழித் தட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பசுமைப்படை, இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், கணித மன்றம், இலக்கிய மன்றம் என்று எல்லாப் பள்ளியிலும் பட்டியல் இருக்கும். ஒரு நாள்கூடக் கூடாத மன்றத்தின் பதிவேட்டில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மகளிடம், "போன வெள்ளிக்கிழமை மன்றத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் மன்றம் உயிரோடு இருக்கிறது. அரசு அனுப்பும் 'தேன்சிட்டு' இதழ் அவள் கைக்கு வந்ததா, தலைமையாசிரியர் அறை அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வகத்துக்குப் போய்க் குடுவையின் மேல் விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால் பத்தாம் வகுப்பு அறிவியலின் 25 செய்முறை மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று புரிந்துவிடும். கலைத் திருவிழா 2022-இலிருந்து நடக்கிறது. அதில் உங்கள் பள்ளியிலிருந்து யாராவது வட்டார அளவைத் தாண்டினார்களா என்றும் விசாரியுங்கள். தெருக்கூத்து ஆடுகிற ஊர்க்காரர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு மேடை புதிதல்ல, அழைப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஒன்று சொல்லிக்கொள்ள ஆசை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்குப் பக்கத்தில் புளியந்தோப்பில் ஒரு நடுகல் சாய்ந்து கிடந்தது. நம் மாவட்டத்தில் அப்படி நிறைய உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். தொன்மை மன்றம் என்று பெயர் வைத்து, பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்துக் கழுவினோம். கல்லில் வட்டெழுத்து. எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. வாய்ப்பாடே சரியாக வராத ஒரு பையன் எழுத்துப் பட்டியல் ஒன்றைத் தேடி வாங்கி, மூன்று வாரத்தில் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டான். மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவனுடைய கல் அது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அரசு அறிவித்தபோது எனக்கு முதலில் அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, துணைத்தேர்வில் தேறினான். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். வட்டெழுத்து அவனுக்குச் சோறு போடவில்லை. பள்ளிக்கு வர ஒரு காரணம் தந்தது.

இனி உங்கள் அண்ணன் சொல்லும் விடுதிப் பள்ளி. அவர் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். பாதிப் பணம் தருகிறேன் என்று சொல்ல எத்தனை தாய்மாமன்களுக்கு மனம் வரும்? ஆனால் அவருக்கு இது தெரிந்திருக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அதை விரித்தார்கள். அதில் இடம் பெறுபவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதேபோல அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. உங்கள் மகள் பத்து முடிக்கும்போது இதில் ஐந்து ஆண்டு சேர்த்திருப்பாள். பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஐந்து ஆண்டும் வீண். மூன்று லட்சம் கட்டி இந்த இரண்டையும் இழக்க வேண்டுமா என்று அண்ணனிடமே கேளுங்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த மனிதர், ஒத்துக்கொள்வார்.

எல்லா விடுதிப் பள்ளியும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்தி, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். கணக்கு அடித்தளம் ஆடிப்போயிருக்கும் உங்கள் மகளுக்கு உருப்போடுதல் மருந்தாகாது. விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தால், மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. தங்கும் இடமும் உணவும் இலவசம். அரசுப் பள்ளி மாணவர்களிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். எப்போது, எப்படித் தேர்வு என்பதைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் பாலக்கோட்டிலோ மாரண்டஅள்ளியிலோ அரசு மேல்நிலைப்பள்ளிக்கு நகரப் பேருந்தில் போய் வரட்டும். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பதினொன்றில் சைக்கிளும் கொடுப்பார்கள்.

முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, எந்த வகுப்பில் எழுதலாம் என்று பள்ளியில் கேளுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் நடக்கும் தேர்வு. 500 மாணவர், 500 மாணவியரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் கேள்விகள் வரும். விட்டுப்போன கணக்கைப் பிடிக்க இதுவும் ஒரு சாக்கு. தமிழில் 81 வாங்குகிறவள் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வையும் எழுத வேண்டும்; அது பதினொன்றில் வரும். 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு. உங்கள் மகளிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கணக்கு 38 என்பதையே கேட்டுக் கேட்டு, தமிழ் 81 என்பது அவளுக்கே மறந்திருக்கும்.

கடைசியாக மாமியார். பெரியவரை எதிர்த்துப் பேசச் சொல்லி நான் எழுதினால் நாளைக்கு அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான், நான் அல்ல. ஆனால் "பத்து வரை போதும்" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று இந்த மாவட்டத்தில் நமக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், தைப் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் வரவில்லை. புளித்தோப்புக்குப் போயிருப்பாள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் உதவி ஆசிரியை ஒருவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், கல்யாணம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாமன் மகன். அவளுடைய அறிவியல் செய்முறை நோட்டு ஆசிரியர் அறை மேசையிலேயே இருந்தது. கடைசிப் படத்துக்குப் பாகங்கள் குறிக்கப்படவில்லை. முதல் நாளே போயிருந்தால் தடுத்திருக்கலாம். பதினெட்டுக்கு முன் கல்யாணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செய்து வைப்பவர்களுக்கும் தண்டனை. யாராவது பேச்செடுத்தால் 1098 என்ற எண்ணுக்கு நீங்களும் கூப்பிடலாம், உங்கள் மகளும் கூப்பிடலாம். அவளுக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்கட்டும். மாமியாரிடம் சட்டம் பேச வேண்டாம். மாதம் ஆயிரம் ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்கில் விழும் என்பதை மட்டும் சொல்லுங்கள். தக்காளி விலை படுத்துப் பெட்டியோடு ரோட்டில் கொட்டிய ஆண்டுகளைப் பார்த்தவர் அவர். மாதாமாதம் தவறாமல் வரும் பணத்தின் அருமை அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கோ-கோ உடுப்பைப் பற்றி உறவினர்கள் பேசுவதாக ஒரு வரி எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடித்ததும் படிக்க முடிகிறது. முழுக்கால் உடுப்புப் போட்டும் ஆடலாம். உடற்கல்வி ஆசிரியையிடம் கேளுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்களோடு ஆசிரியை ஒருவர் கட்டாயம் போக வேண்டும். யார் போகிறார், எந்தப் பேருந்து, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ஒரு முறை நீங்களும் கூடப் போய் வாருங்களேன்.

அரையாண்டுக் கணக்கு விடைத்தாளைப் பள்ளியில் கேட்டு வாங்கி, நகலெடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள். வினாத்தாளும் வேண்டும். 38 எந்தெந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கடைசி இரண்டு வினாவைத் தொட்டிருக்கிறாளா, உதவிப் படம் போட்டிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மே மாதத்துக்கு எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.